வேப்பங்காட்டுவலசு வளைவு

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களோ பெண் பார்க்கப் போகிறவர்களோ யாராக இருந்தாலும், வேப்பங்காட்டுவலசுக்குத் தெற்கே நூல் பிடித்தாற்போல் வந்துகொண்டிருக்கிற ரோடு ஒரு காரணமும் இல்லாமல் பொட்டல் காட்டில் வலது பக்கம் திரும்புவதைப் பார்த்துவிட்டு, இது ஏன் இப்படி வளைகிறது என்று கேட்காமல் போனதில்லை. கேட்டவர்களிடம் ஊர்க்காரர்கள், மழை பேஞ்சுது, சோளம் மொளச்சுது என்று சொல்கிற அதே குரலில், "போர்டு வெச்சாங்க, வளைஞ்சுது" என்று சொல்லிவிட்டுத் தங்கள் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அந்தப் போர்டை வைத்தவர் சென்னியப்பன். நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளர். கேட்பதற்குப் பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும், ஆனால் ஆடு உரசிச் சாய்ந்த பலகையை நிமிர்த்துவது, பலகையின் மேல் ஒட்டிய மூலவியாதி வைத்தியர் விளம்பரத்தைச் சுரண்டுவது, லாரி இடித்து மடங்கிய கம்பத்தை நேராக்குவது, இவ்வளவுதான் அந்த உத்தியோகம். எங்கேயாவது பலகை பழுதென்றால் ஜனங்கள் கைபேசியில் படம் பிடித்துத் துறையின் செயலிக்கு அனுப்புவார்கள், சென்னியப்பனின் கைபேசியில் ஒரு சிவப்புப் புள்ளி முளைக்கும், அவர் போய்ச் சரிசெய்து தானும் ஒரு படம் பிடித்து அனுப்பினால் அது பச்சையாகும். அந்தப் பச்சையைப் பார்த்தால்தான் அவருக்கு ராத்திரி சோறு இறங்கும். தைரியம் என்ற சரக்கு தன்னிடம் துளிகூடக் கிடையாது என்பதை அவர் ஒளித்து வைத்ததே இல்லை. "எங்க ஊட்டுல சட்னியில உப்பில்லைன்னு சொல்றதுக்கே நான் மேலிடத்து அனுமதி வாங்கோணுமுங்க" என்று டீக்கடையில் தானே சொல்லி, தானே முதலில் சிரித்துவிடுவார், அடுத்தவன் சிரிப்பதற்குள் தான் சிரித்துவிட்டால் பாதி வலி குறைகிறது என்பது அவர் அனுபவம்.

துறையில் ஒரு பழக்கம் உண்டு. மார்ச் மாதம் முடிவதற்குள் ஸ்டோரில் இருக்கிற பலகைகள் எல்லாம் எங்கேயாவது நடப்பட்டிருக்க வேண்டும், மிச்சம் இருந்தால் போன வருஷம் எதற்குக் கேட்டாய் என்று தணிக்கைக்காரர்கள் குடைவார்கள், அடுத்த வருஷம் கேட்டதில் பாதிதான் வரும். ஆகவே மார்ச் மாதக் கடைசியில் எங்கள் பக்கத்து ரோடுகளில் பயணம் செய்கிறவர்கள், பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில் பள்ளிக்கூடப் பலகையையும் ஆறே ஓடாத மண்ணில் குறுகிய பாலத்துப் பலகையையும் பார்த்தால் பதற வேண்டியதில்லை, அது வருஷக் கணக்கு முடிவது. அந்த வருஷம் சென்னியப்பன் கையில் மிஞ்சியது ஒரே ஒரு வலப்பக்க வளைவுப் பலகை, சிவப்பு முக்கோணத்துக்குள் கறுப்பு அம்பு வலது பக்கம் மடங்கியிருக்கும். அவர் எல்லையில் இருந்த வளைவுகளுக்கெல்லாம் ஏற்கெனவே பலகை இருந்தது. வேப்பங்காட்டுவலசுக்குத் தெற்கே கேபிள்காரர்கள் தோண்டி மூடிய மண் பொலபொலவென்று கிடந்தது, குழி எடுப்பது சுலபம், வெயிலோ மண்டையைப் பிளந்தது, பணியாளர்கள் இருவரும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். வளைவு இல்லாத இடத்தில் வளைவுப் பலகை இருந்தால் யார் குடி முழுகிப் போகிறது, வண்டிக்காரன் கொஞ்சம் நிதானமாகப் போவான், புண்ணியம்தானே என்று நினைத்து, "இங்கயே நட்டுருங்கப்பா" என்றார்.

மறுநாள் விடிந்தபோது ரோடு வளைந்திருந்தது.

சத்தம் போடாமல், ஒருவரையும் எழுப்பாமல், பலகைக்குப் பக்கத்தில் வலது பக்கம் திரும்பி, தெய்வசிகாமணியின் மேய்ச்சல் காட்டுக்குள் புகுந்து, இத்தனை காலமும் ஒற்றையடித் தடம் தவிர வேறு வழியே இல்லாத ஊருக்கு ஒதுக்கமான கிழக்கு வளவுக் குடியிருப்பின் வாசலைத் தொட்டுக்கொண்டு போய், அதற்கு மேல் என்ன செய்வது என்று சொல்லப் பலகை எதுவும் இல்லாததால் தன் சொந்த யோசனையில் இடது பக்கம் ஒதுங்கிப் பழைய தடத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. போகும்போது நடுக்கோட்டையும், ஓரத்துப் புளியமரங்களையும், கிலோமீட்டர் கல்லையும் கூடவே கூட்டிப் போயிருந்தது. குழிகளையும் ஒன்று விடாமல் எடுத்துப் போயிருந்தது, அதைப் பார்த்துத்தான் இது நம் ரோடேதான் என்று ஜனங்கள் அடையாளம் கண்டார்கள். பழைய ரோடு கிடந்த இடத்தில் கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு நின்றது.

சென்னியப்பன் வந்து பார்த்தார். பலகையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். தன் சேவைக் காலத்திலேயே தான் சரியான இடத்தில் நட்ட ஒரே பலகை இதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

டீக்கடை ஆறுச்சாமி அதற்குள் கடையைக் கட்டிலோடும் பாய்லரோடும் தூக்கிக்கொண்டு வளைவுக்கு வந்து, அங்கே பால் காய்ச்சிக்கொண்டிருந்தான். "இதுல என்னங்க அதிசயம்? அது கவர்மெண்டு ரோடு, இது கவர்மெண்டு போர்டு. சொன்னாக் கேக்கறதுதான மொறை? எங்கப்பன் சொன்னா நாங்கேக்கலீங்களா?" என்றான். அவன் அப்பன் சொன்னதை அவன் ஒருநாளும் கேட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் அவன் சொன்ன நியாயம் எல்லோருக்கும் பிடித்துப்போய், அதுவே ஊரின் அபிப்பிராயமாக நிலைத்துவிட்டது.

பஸ் டிரைவர்கள் ஒருநாள் முனகினார்கள், மறுநாள் திருப்பினார்கள். சித்திரையில் மாகாளியம்மனுக்குப் பூச்சாட்டுத் திருவிழா வந்தபோதுதான் கொஞ்சம் இழுபறி. சாமி தார் ரோட்டில்தான் ஊர்வலம் போகும், மண் தடத்தில் இறங்காது என்பது வழக்கம், அந்த வழக்கத்தைச் சொல்லியே இத்தனை காலமும் கிழக்கு வளவுப் பக்கம் சப்பரம் போனதில்லை. இப்போது தார் ரோடு வளவு வாசலில் கிடந்தது. பெரியவர்கள் கோயில் மடத்தில் கூடி மத்தியானம் வரைக்கும் வெற்றிலை மென்றார்கள், சாமி போகும் வழியை மாற்றினால் வழக்கத்தை மீறியதாகும், வழக்கத்தை மீறாமல் இருந்தால் சாமி வளவுக்குப் போகும், எப்படிப் புரட்டினாலும் ஒன்று உதைத்தது. கடைசியில் சாமி போயிற்று. வளவுச் சனம் தண்ணீர்க் குடத்தோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது, கூட வந்த ஊர்க்காரர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சப்பரத்தின் பூவேலைப்பாட்டை அதிசயமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

சென்னியப்பனுக்குத்தான் நிம்மதி போயிற்று. ஒருவர் வந்து, எங்கள் தோட்டத்து முக்கில் ஆஸ்பத்திரிப் பலகை ஒன்று நட்டுவிட்டுப் போங்கள் என்றார். இன்னொருவர், பெட்ரோல் பங்க் பலகைக்கு என்ன செலவானாலும் தருகிறேன் என்றார். பொம்பளைகள் கம்பத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, தங்கள் வீட்டுக்காரர்கள் கொஞ்சமாவது வளைந்து கொடுக்கட்டும் என்று கயிறு கட்டினார்கள், அதையும் ஒருவன் படம் பிடித்து அனுப்ப, சென்னியப்பன் வந்து கயிற்றை அவிழ்த்துப் பொட்டைத் துடைத்துப் பச்சையாக்கிவிட்டுப் போனார். "சாமி போர்டுல கை வெக்கறீங்களே" என்று திட்டியவர்களிடம், "என்ற கைக்கு அவ்வளவு சக்தி இருந்தா நான் ஏனுங்க இந்த வேலையில இருக்கறேன்" என்றார்.

அந்த வளைவால் யாருக்கு உண்மையில் வாழ்வு வந்தது என்று பார்த்தால், அது வளவில் கோழி வளர்க்கிற வீராத்தாளின் மகள் மகுடேஸ்வரிக்கு. அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே இடது கால் சூம்பியிருந்தது. பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் வீராத்தாள் அவளைச் சைக்கிளில் உட்காரவைத்து முள்ளுத்தடத்தில் தள்ளிக்கொண்டே வந்து பஸ் ஏற்றினாள், அப்புறம் வீராத்தாளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, மகள் நல்ல மார்க் வாங்கியும் இரண்டு வருஷம் வீட்டிலேயே முட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். ரோடு வளைந்த வருஷத்து ஜூன் மாதம் அவள் டவுனில் பி.காம். சேர்ந்தாள். பஸ் வாசலிலேயே நின்றது. சென்னியப்பன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வீராத்தாள் அவரை நிறுத்தி முட்டை கொடுக்கப் பார்ப்பாள். "நீங்க வெச்ச ரோடுங்க சார்" என்பாள். ஸ்டோரைக் காலி பண்ணத்தான் வைத்தேன் என்று சொல்ல வாய் வரை வரும், அவள் முகத்தைப் பார்த்தால் விழுங்கிவிடுவார். செய்யாத நன்மைக்குக் கும்பிடு வாங்குவது கூச்சமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது.

நஷ்டப்பட்டவர் தெய்வசிகாமணி. பழைய ரோட்டை ஒட்டி அவர் கட்டிய கல்யாண மண்டபம், வைகாசியில் திறக்க வேண்டியது, அலங்கார வளைவும் யானைத் தலைகளுமாகக் கொழுக்கட்டைப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றது. மண்டபத்தை வாடகைக்குப் பேச வருகிறவர்கள் வளவுக்குள் போய்விடுகிறார்கள், வீராத்தாள் வழி சொல்லி அனுப்புகிறாள், இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன கேவலம் வேண்டும் என்று அவர் கொதித்தார். தவறான இடத்தில் பலகை என்று செயலியில் புகார் கொடுத்தார். சென்னியப்பன் போனார், பலகையும் ரோடும் சேர்ந்தாற்போல் ஒரு படம் பிடித்தார், பலகை வலப்பக்க வளைவைக் காட்டுகிறது, சாலை வலப்பக்கம் வளைகிறது, குறைபாடு இல்லை என்று எழுதிப் பச்சையாக்கினார். மறுபடி புகார், மறுபடி படம், மறுபடி பச்சை. அவர் நீதிக்காகப் போராடினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். விதியில் என்ன இருக்கிறதோ அதைச் செய்தார், தைரியம் இல்லாதவனுக்கு விதி ஒரு நல்ல போர்வை.

கார்த்திகையில் மண்டபத்தில் முதல் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் தெய்வசிகாமணியின் ஆட்கள் பொக்லைன் கொண்டுவந்து, பலகையைக் கம்பத்தோடு பிடுங்கி, நசுக்கி, பழைய இரும்பு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். விடிந்தபோது ரோடு நேராக, மண்டபத்து வாசல் வழியாக, குழிகளோடும் புளியமரங்களோடும் படுத்திருந்தது. ஆறுச்சாமி பாய்லரைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் புறப்பட்டான்.

காலையில் சென்னியப்பன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது சிவப்புப் புள்ளி முளைத்தது. பலகை காணவில்லை. அனுப்பியவர், மகுடேஸ்வரி. அவர் வாயைக் கொப்புளிப்பதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"சார், இன்னைக்கு எனக்குச் செமஸ்டர் பரீட்சைங்க. ரோட்டக் காணோமுங்க. அம்மா என்னைத் தூக்கிட்டு நடக்கறேங்குது, ராத்திரி பேஞ்ச மழையில காட்டுல முழங்காலளவு சேறுங்க. ஒரு போர்டு கொண்டாந்து நட்டுருங்க சார், பஸ் வர்றதுக்குள்ள."

"பாக்கறனுங்க அம்மணி" என்றார் சென்னியப்பன். எதையும் செய்யப் போவதில்லை என்கிறபோது அவர் சொல்கிற சொல் அதுதான்.

ஸ்டோரில் வளைவுப் பலகை இல்லை, மார்ச்சில்தான் அதை வெற்றிகரமாகக் காலி பண்ணியிருந்தாரே. உதவிப் பொறியாளர் கிரேஸ் மேடத்துக்குப் போன் செய்தார்.

"சென்னியப்பன், இப்ப ரோடு நேராத்தானே இருக்கு?" என்றார் மேடம்.

"ஆமாங்க மேடம்."

"நேரா இருக்கிற ரோட்டுக்கு எதுக்கு வளைவு போர்டு? ஒரு போட்டோ எடுத்து, தேவையில்லைன்னு எழுதி முடிச்சு விடுங்க. இதுக்கெல்லாம் போனா?"

மேடம் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சென்னியப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு போய், நேரான ரோட்டை நேராகப் படம் பிடித்தார், தேவையில்லை என்று எழுதினார், பச்சைப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்தார். இந்த விரல் இதுவரைக்கும் எத்தனை பொத்தான்களை அமுக்கியிருக்கிறது, ஒருமுறையாவது நின்று யோசித்திருக்கிறதா என்று நினைத்தார். அந்தப் பக்கம், மேய்ச்சல் காட்டுக்கு அப்பால், வளவு வாசலில் ஒரு நீலச் சுடிதார் பையை மாட்டிக்கொண்டு நின்றது தெரிந்தது. அவள் ரோடு இருந்த இடத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நம்பி ஒரு ஆள் நிற்கிறது, இது என்னடா வம்பு, நம்புகிறதுக்கு இந்த ஜில்லாவில் வேறு ஆளா கிடைக்கவில்லை என்று அவருக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. பொத்தானை அமுக்காமல் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார்.

பொக்லைன் பிடுங்கிய குழி அப்படியே கிடந்தது. துறையின் ஆரஞ்சு மேலங்கியை மாட்டிக்கொண்டு, குழிக்குள் இரண்டு காலையும் விட்டு, வருகிற வண்டிகளைப் பார்த்தபடி விறைப்பாக நின்று, வலது கையைத் தூக்கி முழங்கையில் மடக்கிக் காட்டினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, உள்ளே இருந்த பிள்ளைகள் அவரைப் போலவே கையை மடக்கிக் காட்டிச் சிரித்தார்கள். அப்புறம் அவர் முதுகுக்குப் பின்னால் பாயைச் சுருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கூடவே ஆறுச்சாமியின் அலறல்.

"ஏனுங்க, மாத்திக் காட்டறீங்க! ரோடு அக்கட்ட போகுதுங்கோ! கெணத்துக்குள்ள எறங்கப் போகுதுங்கோ!"

வண்டிக்காரர்களைப் பார்த்து நிற்கிறவனுக்கு அவர்களுடைய வலது பக்கம் தன்னுடைய இடது பக்கம். வாழ்நாளெல்லாம் பலகை நட்டவருக்கு அது அந்த நிமிஷம்தான் உறைத்தது. ஒரே ஒரு முறை துணிந்தேன், அதிலும் கையை மாற்றித் துணிந்தேன் என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் அடித்துக்கொண்டால் ரோடு அதற்கு என்ன அர்த்தம் பண்ணிக்கொள்ளுமோ என்று பயந்து, வலது கையை மெல்ல இறக்கி இடது கையைத் தூக்கினார். பாய் சுருட்டும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ரோடு யோசித்தது. பிறகு வளவுப் பக்கமாகச் சுருட்டத் தொடங்கியது. மார்ச்சில் அதற்கு ஒரு ராத்திரி முழுக்கத் தேவைப்பட்டது, இப்போது போய்ப் பழகிய வழி.

அவரால் திரும்பிப் பார்க்க முடியாது, பலகைகள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே வந்த டவுன் பஸ்ஸும் டிரைவரின் முகமும்தான். டிரைவர் அவரைப் பார்த்தார், அவருக்குப் பின்னால் பார்த்தார், வெற்றிலையைத் துப்பினார், ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தார். பஸ் அவர் காதோரம் சேற்றை வாரி அடித்துக்கொண்டு திரும்பிப் போயிற்று. தூரத்தில் பிரேக் போடுகிற சத்தமும், கண்டக்டரின் விசிலும், மறுபடி கிளம்புகிற சத்தமும் கேட்டன. சேறு வழிகிற முகத்தோடு சென்னியப்பன் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் தன் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

தெய்வசிகாமணி பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "யோவ், கைய எறக்குய்யா! மாப்பள காரு வளவுக்குள்ள போயிருச்சுய்யா!"

"எறக்க முடியாதுங்ணா. கவர்மெண்டு போர்டுங்க. தொட்டீங்கன்னா கேஸாயிருமுங்க" என்றார் சென்னியப்பன். குரல் நடுங்கியது, வார்த்தை நடுங்கவில்லை. நேற்றுப் பிடுங்கிய பலகை நினைவுக்கு வந்ததோ என்னவோ, தெய்வசிகாமணி தூக்கிய கையை இறக்கிக்கொண்டு, மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு வளைவில் நடந்தார். மாப்பிள்ளையை வளவுக்காரர்கள்தான் புல்லுக்குள் வழி மிதித்து மண்டபத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், முகூர்த்தம் தப்பவில்லை.

கிரேஸ் மேடத்தின் ஜீப் மத்தியானம் வந்தது. மேடம் இறங்காமலே வெகுநேரம் அவரைப் பார்த்தார். "புதுப் போர்டுக்கு எழுதிப் போடறேன். எப்ப வரும்னு சொல்ல முடியாது. லீவ் லெட்டர் ஒண்ணு கொடுத்திருங்க" என்று சொல்லிவிட்டு, வளைவைச் சுற்றிக்கொண்டு போனார்.

பொழுது சாய்கிறபோது சென்னியப்பனுக்குத் தன் இடது கை தன்னுடையதுதானா என்றே தெரியவில்லை. தோள் எரிந்தது, குழியில் நின்ற கால் ஊறிப்போயிருந்தது. வீராத்தாள் இரண்டு முறை வந்து தண்ணீர் புகட்டிவிட்டுப் போனாள். பஸ் திரும்பி வந்து வளவில் நின்ற சத்தம் பின்னால் கேட்டது, கொஞ்ச நேரம் கழித்து ஒரு காலை இழுத்து வைக்கிற நடைச் சத்தமும், கூடவே வீராத்தாளின் செருப்புச் சத்தமும் ரோட்டில் நெருங்கி வந்தன. மகுடேஸ்வரி அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"நல்லா எழுதியிருக்கறனுங்க சார். நான் வந்து சேந்துட்டேன், கைய எறக்கீருங்க."

இறக்கிவிட வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. தான் ஒன்றும் வீரன் இல்லை, காலையிலிருந்து இறக்கிவிடலாம் இறக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றவன்தான்.

"நாளைக்கென்ன பரீட்சைங்க அம்மணி?" என்று கேட்டார்.

"காஸ்ட் அக்கவுண்டிங்குங்க."

"அப்பறம் எப்படிங்க எறக்கறது?"

வீராத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவருடைய இடது முழங்கையைத் தூக்கித் தன் தோளின் மேல் வைத்துக்கொண்டாள். வளவிலிருந்து இன்னும் நாலைந்து பேர் ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.